நோன்பு விடுமுறையும் ஆசிரியையின் சம்பளமும்

ஆசிரியர் சம்பளம் என்று பேச்செடுத்தால் எமது ஊர்களில் அரசாங்கச் சம்பளம்தான் நினைவுக்கு வரும். 2021 ஜூலையில் தொடங்கி நூறு நாட்களுக்கு மேல் நீடித்த அதிபர், ஆசிரியர் போராட்டத்தை உயர்தர வகுப்பு மாணவியர் மறந்திருக்கமாட்டார்கள். இணையவழி வகுப்புகள் நின்றுபோயின. சுபோதினி குழுவின் அறிக்கை என்ற சொல் செய்திகளில் நாள்தோறும் அடிபட்டது. கேட்டதில் மூன்றிலொரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. மீதிக்காக 2024 ஜூனில் ஆசிரியர்கள் சுகவீன விடுமுறை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினார்கள்.

அந்தக் கோரிக்கையின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அத்தனை நாள் நடந்த வாதத்தில் ஒரு கேள்வி மட்டும் எழவே இல்லை. பாடசாலை மூடியிருக்கும் மாதத்துக்குச் சம்பளம் உண்டா, இல்லையா? அரசாங்க ஆசிரியருக்கு அது கேள்வியே அல்ல. தவணை முடிந்தாலும் மணி அடிக்காவிட்டாலும் மாதம் ஒன்றானால் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும். நோன்பு மாதத்தில் விழா முற்பணமும் கேட்டு எடுக்கலாம். நெடுங்காலம் பத்தாயிரம் ரூபாவாக இருந்த அந்த முற்பணம் எமது சொந்தப் பணம்தான். பின்னால் வரும் மாதங்களில் தவணை தவணையாகக் கழித்துவிடுவார்கள். ஆனாலும் பெருநாளைக்கு முன் கையில் ஒரு தொகை இருக்கும். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருத்தி என்ற வகையில் இதைச் சொல்கிறேன்.

மட்டக்களப்பு வாவியின் கரையில் காத்தான்குடி, ஏறாவூர், வடக்கே ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று எந்த ஊரை எடுத்தாலும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களில் ஒரு பெரும் பகுதியினர் அரசாங்கச் சம்பளப் பட்டியலில் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கும் முன்பள்ளி ஆசிரியை இல்லை. பின்னேரங்களில் அலிஃப், பா சொல்லிக்கொடுக்கும் முஅல்லிமா இல்லை. விறாந்தையில் பாய் விரித்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் ராத்தா இல்லை. பாடசாலையில் கணித ஆசிரியர் வெற்றிடம் நிரம்பும்வரை என்று அபிவிருத்திச் சங்கப் பணத்தில் கூப்பிடப்படும் பட்டதாரிப் பிள்ளையும் இல்லை. எங்கள் கல்லூரிக்குள் ஆறாம் ஆண்டில் காலடி வைக்கும் மாணவி ஒவ்வொருத்தியும் இவர்களில் இரண்டு மூன்று பேரின் கையால் வந்தவள்தான்.

இவர்களில் அநேகருக்குச் சம்பளம் என்பது பிள்ளைகள் கொண்டுவரும் மாதக் கட்டணம். பிள்ளை வந்தால் பணம் வரும், வராவிட்டால் வராது. பதிவு செய்யப்பட்ட முன்பள்ளி ஆசிரியைகளுக்கு மாகாணப் பணியகத்தின் வழியாக ஒரு சிறு கொடுப்பனவு உண்டு. அது சம்பளத்தோடு சேர்க்கத்தக்கது, சம்பளமாகாது.

வேறு நாடுகளில் ஆசிரியரின் விடுமுறைக் காலப் பணம் பற்றிப் பேசும்போது கோடை விடுமுறையைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் ஆசிரியரின் ஒப்பந்தம் ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு உரியது. அந்தப் பணத்தைப் பத்து மாதத்தில் வாங்கிக்கொள்வதா, பன்னிரண்டாகப் பிரித்து வாங்குவதா என்று அவர்களிடம் கேட்பார்கள். பத்தில் வாங்கியவர் கோடையில் வேறு வேலை தேடுவார். எமக்குக் கோடை விடுமுறை இல்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனி நாட்காட்டி. அதில் நீண்ட விடுமுறை ரமழானோடு வருகிறது. முன்பள்ளியும் குர்ஆன் மத்ரஸாவும் அதைப் பின்பற்றியே மூடுகின்றன.

இங்கேதான் எமது ஆசிரியையின் சிக்கல் அமெரிக்க ஆசிரியையின் சிக்கலை விடக் கடினமாகிறது. கோடையில் செலவு கூடாது. நோன்பில் கூடும். ஸஹருக்கும் நோன்பு திறக்கவும் வேண்டியவை, பிள்ளைகளின் பெருநாள் உடுப்பு, உறவினர் வருகை எல்லாம் அந்த ஒரு மாதத்தில் வந்து நிற்கும். பித்ரா அரிசியையும் மறக்க முடியாது. வருமானம் பூச்சியமாகும் மாதமும் செலவு உச்சத்தில் நிற்கும் மாதமும் ஒன்றாகவே இருக்கின்றன. பெருநாளைக்கு முன் பிள்ளைகளின் உம்மாமார் ஒரு சேலைத் துண்டோ பலகாரத் தட்டோ அனுப்புவார்கள். அன்பு உள்ள ஊர்தான் இது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தட்டைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கட்டணம் கட்ட முடியாது என்பதுதான் பிரச்சினை.

எப்படிச் சமாளிக்கிறார்கள்? நான் அறிந்தவரை முதலாவது வழி சீட்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஐயாயிரம் ரூபா போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருவருக்கு அறுபதாயிரம். சீட்டைத் தொடங்கும் அன்றே முன்பள்ளி ஆசிரியை கேட்பாள்: "எனக்கு நோன்பு மாசத்தில தாங்கோ, ராத்தா." கேட்பவர் ஒருவராக இருந்தால் கிடைக்கும். கூட்டாளிகளில் நால்வர் ஆசிரியைகள் என்றால் நால்வருக்கும் அதே மாதம்தான் வேண்டும். கிடைக்காத மூவர் நிலை விசித்திரமானது. சீட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டவள் வருமானம் இல்லாத அந்த மாதத்திலும் ஐயாயிரத்தைப் போட்டாக வேண்டும். காப்பாற்ற வந்த சீட்டே அந்த மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும். அப்போதுதான் தங்கச் சங்கிலி வங்கியின் அடகுப் பிரிவுக்குப் போகும். சங்கிலி இல்லாதவள் வீட்டு வாசலுக்கு வரும் நுண்கடன்காரரிடம் கையெழுத்து வைப்பாள். வாராந்தத் தவணைக்கு விடுமுறை கிடையாது. வடக்கு கிழக்கில் பெண்கள் அந்தக் கடன்களால் பட்ட பாடு 2018இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது.

இன்னொரு வழி நோன்பு மாதத்தையே தொழிலாக்குவது. தையல் தெரிந்தவள் பகலில் நோன்போடு இருந்து இரவில் அபாயாவும் பிள்ளைகளின் சட்டையும் தைப்பாள். கைப்பக்குவம் உள்ளவள் அஸருக்கு முன் சமூசாவும் ரோல்ஸும் பொரித்துக் கடைக்குக் கொடுப்பாள். மருதாணி போடத் தெரிந்த இளம் பிள்ளைகளுக்குப் பெருநாளுக்கு முந்திய இரண்டு இரவுகள் நல்ல வருமானம். இவர்களின் கெட்டித்தனத்தைப் பார்த்து வியக்கிறோம், பாராட்டுகிறோம். நாட்டிலேயே அதிகம் அமல் செய்ய விரும்பும் மாதத்தில் ஓதிக்கொடுக்கும் முஅல்லிமா இரவு ஒரு மணிவரை தையல் பொறியில் உட்கார்ந்திருப்பதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆண்களின் நிலை இதில் சற்று வேறு. அரபுக் கல்லூரிகள் ரமழானில் மூடினாலும் ஹாபிழாக இருக்கும் உஸ்தாத் ஒருவரைத் தராவீஹ் தொழுவிக்கப் பள்ளிவாசல்கள் அழைக்கும். பெருநாள் நெருங்கும்போது அவருக்கு ஹதியாவும் கிடைக்கும். அவருக்கு அந்த மாதம் மூடிய மாதம் அல்ல. அதே கல்வியைப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முஅல்லிமாவுக்கு அப்படி ஒரு கதவு திறப்பதில்லை. பெண்களுக்கான கல்வியை ஊரே தோளில் தூக்கி வைத்துப் பேசுகிறது. அதைக் கற்பிக்கும் பெண்ணின் பதினோராம், பன்னிரண்டாம் மாதத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹதியா என்றேன். அந்தச் சொல்லிலும் கொஞ்சம் நின்று போக வேண்டும். மார்க்கக் கல்வி கற்பிப்பவருக்கு நாம் கொடுப்பதைக் கூலி என்று சொல்லக் கூச்சப்பட்டு ஹதியா என்கிறோம். மரியாதைக்காக வந்த சொல். ஆனால் ஹதியா என்றால் அன்பளிப்பு. அன்பளிப்பைக் கொடுப்பவர் விரும்பினால் கொடுக்கலாம், விட்டால் விடலாம், குறைக்கலாம். வாங்குபவர் கணக்குக் கேட்க முடியாது. மரியாதைச் சொல் ஒன்று மெல்ல மெல்ல உரிமையைத் தின்றுவிட்டது. கூலியாளின் வியர்வையைப் பற்றிய நபிமொழியை எமது பிள்ளைகள் சிறு வயதிலேயே பாடமாக்குகிறார்கள். அதைப் பாடமாக்கிக் கொடுத்தவளின் கூலியைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசுவதில்லை.

நோன்பில் சில ஊர்களில் கஷ்டப்படும் ஆசிரியைகளின் பெயர்களை ஸகாத் பட்டியலில் சேர்க்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வருடம் முழுவதும் என் பிள்ளைக்குக் கற்பித்தவளுக்கு நான் தரவேண்டியதைத் தராமல், அந்தக் குறையினால் அவள் ஏழையானபின் தர்மம் கொடுப்பது என்ன கணக்கு? ஸகாத்தைக் கூலியாகக் கொடுக்க முடியாது என்று உலமாக்கள் சொல்வதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது: கூலி அவளுக்குச் சொந்தமானது, கொடுத்தவருக்கு அதில் நன்றி கோர இடமில்லை. ஸகாத் போகவேண்டிய இடம் உண்டு. அது கட்டணம் கட்ட வழியில்லாத வீடு. வாவியில் வலை வீசி அன்றாடம் பிழைக்கும் வீட்டுக்கு, கணவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு அந்தப் பணம் போகட்டும். அவர்கள் தலை நிமிர்ந்து பிள்ளையின் கட்டணத்தைக் கட்டட்டும். ஆசிரியைக்கு அது சம்பளமாகவே வந்து சேரும்.

"படிப்பிக்காத மாசத்துக்கு ஏன் காசு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான், கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி எமது ஊரில் மட்டும் எழுந்ததும் அல்ல. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் ஐயாயிரம் இந்திய ரூபாச் சம்பளத்தில் நியமித்தார்கள். அங்கே மே மாதம் கோடை விடுமுறை. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்று வைத்தார்கள். தொகை பிறகு பத்தாயிரம், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று உயர்ந்தது. ஆனால் மே மாதச் சம்பளம் என்பது அந்த ஆசிரியர்களின் கோரிக்கைப் பட்டியலில் வருடா வருடம் வந்துகொண்டே இருந்தது. பணி நிரந்தரத்துக்கு அடுத்ததாக அவர்கள் கேட்டது அதைத்தான். ஒரு மாதச் சம்பளம் இல்லாமல் போவது வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன விடயமாகத் தெரியும். சம்பளம் குறைந்தவருக்கு அந்த ஒரு மாதக் கடன் மற்றப் பதினொரு மாதத்தையும் தின்னும்.

இங்கிலாந்தில் இதே கேள்வி அந்நாட்டின் உயர்நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெட்ஃபோர்ட் என்ற நகரில் ஒரு பெண்கள் பாடசாலை. அங்கே சாக்சபோன், கிளாரினெட் வாத்தியங்கள் கற்பித்த ஆசிரியை லெஸ்லி பிரேசல். தவணை நடக்கும் வாரங்களில் எத்தனை பாடம் எடுத்தாரோ அத்தனைக்கும் சம்பளம். விடுமுறைக்குரிய பணத்தை அவர் வேலை செய்த மணித்தியாலங்களுக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிட்டது பாடசாலையை நடத்தும் அறக்கட்டளை. அவர் வழக்குப் போட்டார். 2022 ஜூலை 20ஆம் திகதி தீர்ப்பு அவருக்குச் சார்பாக வந்தது. வருடத்தின் சில வாரங்கள் மட்டுமே வேலை இருந்தாலும் ஒப்பந்தம் வருடம் முழுவதும் இருக்கிறது. ஆகவே விடுமுறை உரிமையை அப்படிக் குறைக்க முடியாது என்றது நீதிமன்றம். பின்னர் அரசாங்கம் சட்டத்தை மாற்றி, 2024 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கும் விடுமுறை ஆண்டுகளுக்கு வேலை செய்த நேரத்தை வைத்தே கணக்கிடலாம் என்று ஆக்கிவிட்டது. வென்றதில் ஒரு பங்கு திரும்பப் போனது என்று சொல்லலாம். ஆனாலும் அந்தப் புதிய கணக்கின்படியும் விடுமுறைப் பணம் பூச்சியமாவதில்லை.

ஒப்பந்தம் வருடம் முழுவதும் இருக்கிறது என்ற அந்த ஒரு கருத்தே பெற்றோரின் கேள்விக்கு விடை. நோன்பு விடுமுறை தொடங்கும்போது நாம் ஆசிரியையிடம் கணக்கு முடித்துப் பிரிவதில்லை. பெருநாள் கழிந்து அதே வாசலில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவோம் என்றும் அவள் அங்கே நிற்பாள் என்றும் எதிர்பார்க்கிறோம். அந்த மாதத்தில் அவள் வேறு நிரந்தர வேலைக்குப் போய்விட்டால் "பாதியில விட்டுட்டுப் போயிட்டா" என்று குறைப்படுகிறோம். நமக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்றால் காத்திருப்பதற்கும் விலை உண்டு. இது எமது மண்ணுக்குப் புதிய நியாயமும் அல்ல. வட்டையில் போடியாரும் முல்லைக்காரரும் போகத்துக்கு இவ்வளவு நெல் என்று பேசிக்கொண்ட காலத்தில், பயிர் தானாக வளர்ந்த நாட்களை எண்ணி யாரும் கழிக்கவில்லை. கணக்கு விதைப்பிலிருந்து வெட்டு வரைக்கும். ஆசிரியையின் வேலையும் அப்படித்தான். ஜனவரியில் அழுதுகொண்டு வந்த பிள்ளை டிசம்பரில் தன் பெயரை எழுதும். அந்தப் பெயரில் நோன்பு மாதத்தைத் தனியே கழிக்க முடியாது.

இனிப் பணக் கணக்குக்கு வருகிறேன். உதாரணமாக இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள ஒரு முன்பள்ளி, மாதக் கட்டணம் ஆயிரம் ரூபா என்று வைப்போம். மாதம் இருபத்தையாயிரம். இரண்டு ஆசிரியைகள். மின்சாரம், தண்ணீர், கடதாசி, வர்ணப் பென்சில் ஒன்றையும் கழிக்காவிட்டாலும் ஆளுக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. இலங்கையில் தனியார்துறை ஊழியருக்குச் சட்டப்படியான தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா; 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. புடவைக் கடையில் துணி மடிப்பவருக்கு உள்ள அந்த அளவுகோலில் பாதியைக்கூட எமது ஆசிரியை தொடவில்லை. அதையும் பத்து மாதந்தான் வாங்குகிறாள் என்றால் வருடத்துக்கு ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பத்தாயிரத்துச் சொச்சம்.

பெற்றோர் பன்னிரண்டு மாதமும் ஆயிரம் கட்டினால் அவர்களுக்குக் கூடுதல் செலவு வருடத்துக்கு இரண்டாயிரம். ஒரு நாளைக்கு ஐந்தரை ரூபாவும் இல்லை. ஆசிரியை ஒருவருக்கோ வருடத்துக்கு இருபத்தையாயிரம் கூடும். சீட்டும் அடகும் இல்லாமல் ஒரு நோன்பைக் கடக்க அது போதும்.

வருடக் கட்டணத்தைக் கூட்டாமல், பத்து மாதப் பணத்தையே பன்னிரண்டாகப் பிரித்து மாதம் எண்ணூற்று முப்பத்து மூன்று ரூபா கட்டலாமே என்று சிலர் கேட்கலாம். ஒன்றும் இல்லாததை விட அது மேல். நோன்பு மாதம் வெறும் கையோடு நிற்காது. ஆனால் அதைச் சம்பள உயர்வு என்று யாரும் சொல்லக் கூடாது. அவளது உழைப்பின் பணத்தில் ஒரு பகுதியை நாம் வைத்திருந்து பிந்திக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். பிள்ளை இடையில் விலகினால் பிடித்துவைத்த அந்தப் பங்கையும் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். என் தெரிவு முதலாவது வழி. நிர்வாகங்கள் தயங்கினால் இரண்டாவதையாவது தொடங்கட்டும்.

கட்ட முடியாத பெற்றோர் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்கு மேலே ஒரு வழி சொன்னேன். ஆனால் கட்ட முடிந்தும் கட்டாமல் இருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக முடியாது. அவர்களில் கணிசமானோர் அரசாங்க உத்தியோகத்தர்கள். இன்னும் திறந்து சொன்னால், எங்களைப் போன்ற ஆசிரியர்கள். அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 24,250இலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நோன்பு மாதம் முழுவதும் வீட்டில் இருந்து முழுச் சம்பளம் வாங்குகிறோம். அதே மாதத்தில் எமது பிள்ளையின் முன்பள்ளி ஆசிரியைக்கு "லீவுதானே" என்று ஆயிரம் ரூபாவை நிறுத்துகிறோம். நமக்கு உரிமையாக இருப்பது அவளுக்கு மட்டும் எப்படிச் சலுகையாகிறது? ஆசிரியர் ஓய்வறையில் இதைப் பேசத் தொடங்கினால் ஒரு ஊரின் பழக்கமே மாறிவிடும் என்று நம்புகிறேன். இங்கே ஓய்வறையில் தொடங்காத பேச்சு எது?

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடியபோது இந்தப் பிளவு வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வருடம் நோன்பு ஏப்ரல் கடைசியில், ஊரடங்குக்கு நடுவில் வந்தது. அரசாங்க ஆசிரியர்களின் சம்பளம் நிற்கவில்லை. முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் ரியூஷன் ஆசிரியர்களுக்கும் விடுமுறை மாதக் கணக்கில் நீண்டது. பிறகு 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடின; அந்த செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. அந்த அடியிலிருந்து எழும்பாமலே தொழிலை விட்டுப் போன நல்ல ஆசிரியைகள் இருக்கிறார்கள். சிலர் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போனார்கள். எமது பிள்ளைகள் இழந்தது யாரை என்று எமக்குத் தெரியாமலே போய்விட்டது.

இதை வாசிக்கும் உயர்தர மாணவியருக்கு இது வேறு யாருடையதோ பிரச்சினை அல்ல. பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக நீங்கள் ஒரு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்கப் போகிறீர்கள். "சும்மா இருக்கிற பிள்ளைதானே" என்று பக்கத்து முன்பள்ளியோ மத்ரஸாவோ உங்களைக் கூப்பிடும். போங்கள், கற்பிப்பதைப் போலக் கற்றுத்தரும் வேலை வேறில்லை. ஆனால் போகும் முதல் நாளே கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: மாதச் சம்பளம் எவ்வளவு, நோன்பு விடுமுறைக்கு எவ்வளவு, டிசம்பருக்கு எவ்வளவு. பேசிய தொகையை ஒரு கடிதத்தில் எழுதி வாங்குங்கள். காசைப் பற்றிக் கேட்பது பெண் பிள்ளைக்கு அழகல்ல என்று ஒரு மாமி சொல்லக்கூடும். அந்த மாமியின் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்டுத்தான் விமானம் ஏறினான்.

முன்பள்ளி நிர்வாகங்களுக்கு இன்னொரு விடயம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு நூற்றுக்கு எட்டு, தொழில்தருநர் பங்கு பன்னிரண்டு. இருபது வருடம் கற்பித்து ஓய்வெடுக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை ஏதேனும் ஒரு வங்கி உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். விடுமுறை மாதச் சம்பளமே இல்லாத இடத்தில் அதைப் பேசுவது அதிகம் என்று தோன்றலாம். பேசாமல் விட்டதால்தான் முதுமையிலும் அவர்கள் பெயர் ஸகாத் பட்டியலில் இருக்கிறது.

காலம் இதை இன்னும் கடினமாக்கப் போகிறது. சந்திர மாதம் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2024இல் நோன்பு மார்ச் நடுப்பகுதியை ஒட்டி வந்தது, 2025இல் மார்ச் தொடக்கத்தில், 2026இல் பெப்ரவரியில். இந்த வருடங்களில் எமது பக்கத்தில் பெரும்போக வேளாண்மை வெட்டும் காலம். வயலோடு தொடர்புள்ள வீடுகளில் கொஞ்சம் காசு புழங்கும். இனி அது ஜனவரிக்குப் போகும். 2030ஆம் ஆண்டில் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு ரமழானும் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமழானும் தொடங்கும். அந்த மாதங்கள் எமக்கு மாரி. வாவி நிரம்பி வீதிக்கு வரும், தோணி கரையில் கிடக்கும், கூலி வேலை நிற்கும், நெல் இன்னும் பச்சையாக இருக்கும். எல்லார் கையிலும் காசு வற்றும் பருவத்தில் நோன்பு விடுமுறை வரும்போது ஆசிரியைக்கு யாரிடம் கைமாற்று வாங்க முடியும்? அந்த வருடங்களுக்கு முன்பே, கையில் காசு உள்ள இந்த வருடங்களிலேயே பன்னிரண்டு மாதக் கணக்கைப் பழக்கிக்கொள்வது நல்லது.

அடுத்த வருடத்துக்கான கட்டண அட்டைகளை முன்பள்ளிகள் பெரும்பாலும் வருடக் கடைசியில்தான் அச்சடிக்கின்றன. சில அட்டைகளில் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும்; விடுமுறை மாதத்தில் சிவப்புப் பேனையால் ஒரு குறுக்குக் கோடு. அச்சுக்கூடத்துக்குப் போகுமுன் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு நேரத்தோடு போங்கள். கோடு போட வேண்டாம் என்று முதலில் சொல்பவர் அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவராக இருந்தால் மற்றவர்கள் வாய் திறப்பது இலகுவாக இருக்கும்.